இக்கரை குமாரபாளையம், அக்கரை பவானி

1937 அக்டோபர் 1-ஆம் தேதி சேலம் மாவட்டத்தின் கள்ளுக்கடைகளும் சாராயக்கடைகளும் திறக்கவில்லை. அன்றைய சேலம் மாவட்டம் பெரியது. இன்றைய நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்கள் அதற்குள் அடக்கம். அந்த ஜூலையில்தான் ராஜாஜி சென்னை மாகாணத்தின் ஆட்சிப் பொறுப்பை ஏற்றிருந்தார். மூன்று மாதத்துக்குள் சட்டத்தை நிறைவேற்றி, தன் சொந்த மாவட்டத்திலேயே மதுவிலக்கைத் தொடங்கிவிட்டார்.

அதற்குக் கொடுத்த விலை சின்னதில்லை. மாகாண வருவாயில் கால் பங்கை ஒட்டிய தொகை கலால் வரியாக வந்துகொண்டிருந்த காலம் அது. அந்த ஓட்டையை அடைக்கத்தான் 1939-இல் பொது விற்பனை வரி வந்தது. இந்தியாவில் அப்படியொரு வரி அதுவே முதல். இவ்வளவு பணத்தை விட்டுக்கொடுத்த அரசு ஒரு கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். குடிக்குப் போன காசு வீட்டுக்கு வந்ததா?

இந்தக் கேள்வியோடு சேலத்துக் குடும்பங்களின் வரவு செலவைப் புரட்டியது சென்னைப் பல்கலைக்கழகத்தின் பொருளாதாரத் துறை. அதன் பேராசிரியர் பி. ஜே. தாமஸ், ஆக்ஸ்ஃபோர்டில் டாக்டர் பட்டம் பெற்றவர். கிழக்கிந்திய வணிகத்தைப் பற்றி 1926-இல் புத்தகம் எழுதிப் பெயர் வாங்கியவர். அவருடைய சேலம் ஆய்வு, மதுவிலக்கின் பொருளாதார விளைவைக் குடும்பக் கணக்குகளிலிருந்து எடுத்துக்காட்ட முயன்றது. குடும்பம், கடை, வயல், தறி என்று சின்னச் சின்ன அலகுகளின் தரவை வைத்து, ஒரு காரணம் என்ன விளைவைத் தந்தது என்று கணக்கிடும் துறையை இன்று நுண் பொருளாதார அளவியல் என்கிறோம். 2000-ஆம் ஆண்டின் பொருளாதார நோபலை ஜேம்ஸ் ஹெக்மேனும் டேனியல் மெக்ஃபேடனும் பெற்றது இந்தத் துறைக்காகத்தான். 1937-இல் அதற்கு அந்தப் பெயரோ கருவிகளோ கிடையாது. ஆனால் அதன் சிக்கல்கள் ஒன்று விடாமல் சேலத்தில் காத்திருந்தன.

இந்த அத்தியாயம் அந்தச் சிக்கல்களைப் பற்றியது. மதுவிலக்கு நல்லதா கெட்டதா என்று தீர்ப்புச் சொல்வது இதன் வேலை கிடையாது. ஒரு சட்டம் வந்த பிறகு நடந்ததை எண்ணிவிடலாம். அந்தச் சட்டம் வராமல் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதை யாராலும் எண்ண முடியாது. பொருளாதார அளவியலின் உழைப்பெல்லாம் எண்ண முடியாத அந்த இரண்டாவது கணக்கைக் கட்டுவதில்தான் இருக்கிறது.

வீடு வீடாக ஒரு கணக்கு

வீட்டுச் செலவை எண்ணும் பழக்கம் சென்னைக்குப் புதிதில்லை. பல்கலைக்கழகத்தின் முதல் பொருளாதாரப் பேராசிரியராக வந்த கில்பர்ட் ஸ்லேட்டர், மாணவர்களை அவரவர் ஊருக்கே அனுப்பி நிலம், கடன், கூலி, சாப்பாடு என்று எல்லாவற்றையும் எழுதிவரச் சொன்னார். அந்தக் குறிப்புகள் 1918-இல் புத்தகமாக வந்தன. இருபது ஆண்டு கழித்து அதே ஊர்களுக்கு ஆள் அனுப்பி மறுபடியும் கணக்கெடுக்க வைத்தவர் தாமஸ். கே. சி. ராமகிருஷ்ணனோடு சேர்ந்து அவர் பதிப்பித்த அந்த மறு ஆய்வு 1940-இல் வெளிவந்தது. ஒரே ஊரை இரண்டு காலத்தில் பார்ப்பது என்ற எண்ணம் அவருக்குள் ஏற்கெனவே ஊறியிருந்தது.

சேலத்திலும் அதே வழிதான். குடித்துக்கொண்டிருந்த குடும்பம் அப்போது எதற்கு எவ்வளவு செலவழித்தது, கடை மூடிய பிறகு எதற்கு எவ்வளவு? குடிக்குப் போன பணம் சாப்பாட்டுக்கும் துணிமணிக்கும் திரும்பியது என்பதே ஆய்வு தந்த சித்திரம். சட்டத்தை ஆதரித்தவர்களுக்கு இது போதுமானதாக இருந்தது. பொருளாதார அளவியல் படித்தவருக்கோ வேலை இங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது. முன்பு இவ்வளவு, பின்பு இவ்வளவு, சரி. நடுவில் மாறியது கள்ளுக்கடை மட்டும்தானா?

ஒரே தேதியில் இரண்டு சட்டம்

கடனை எடுத்துக்கொள்வோம். குடியை விட்டால் கடன் குறையும் என்பது எல்லோரும் எதிர்பார்க்கும் விளைவு. 1938 கடைசியில் திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு விவசாயி, "போன வருஷத்தைவிடக் கடன் குறைஞ்சிருக்குங்க" என்று சொல்லியிருந்தால் அதை மதுவிலக்கின் கணக்கில் எழுதலாமா?

எழுத முடியாது. 1938 மார்ச்சில் ராஜாஜி அரசு இன்னொரு சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது: சென்னை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம். 1932 அக்டோபர் 1-க்கு முன்னால் வாங்கிய கடன்களில், ஒரு குறிப்பிட்ட தேதியில் நிலுவையில் நின்ற வட்டி முழுவதையும் அது தள்ளுபடி செய்தது. அந்தத் தேதி 1937 அக்டோபர் 1. கள்ளுக்கடை மூடிய அதே நாள்!

இரண்டு சட்டமும் ஒரே அரசு போட்டவை. இரண்டும் குடும்பத்தின் கடனைக் குறைக்கக் கூடியவை. ஒரே நாளையே எல்லைக்கோடாக வைத்துக்கொண்டவை. அந்தக் கோட்டுக்கு முன்னும் பின்னும் மட்டும் பார்ப்பவருக்கு எது எதனால் என்று பிரித்தெடுக்க வழியே இல்லை.

மற்றவையும் இருந்தன. 1929-இல் தொடங்கிய உலகப் பெருமந்தத்தில் விளைபொருள் விலை படுத்து, முப்பதுகளின் நடுவில்தான் மெதுவாக எழுந்தது. 1934-இல் மேட்டூர் அணை கட்டி முடிந்து, ஆயிரக்கணக்கானோருக்குக் கூலி தந்த வேலை நின்றது. அணையின் மின்நிலையம் 1937-இல் ஓடத் தொடங்கியது. மேட்டூரில் ரசாயனத் தொழிற்சாலை எழுந்தது. ஒரு குடும்பம் 1938-இல் கூடுதலாக அரிசி வாங்கியிருந்தால் அதற்குக் காரணம் மூடிய கள்ளுக்கடையாகவும் இருக்கலாம், உயர்ந்த கூலியாகவும் இருக்கலாம், தள்ளுபடியான வட்டியாகவும் இருக்கலாம்.

வித்தியாசத்தின் வித்தியாசம்

இதற்கு விடை காவிரியில் இருக்கிறது. மேட்டூரிலிருந்து இறங்கி வரும் ஆறுதான் அன்று சேலம் மாவட்டத்துக்கும் கோயம்புத்தூர் மாவட்டத்துக்கும் எல்லை. கிழக்குக் கரையில் குமாரபாளையம், பள்ளிபாளையம்; மேற்குக் கரையில் பவானி, ஈரோடு. இரு கரையிலும் தறி ஓடியது. ஒரே கொங்குத் தமிழ், ஒரே மழை, நூல் விலையும் ஏறக்குறைய ஒன்று. ஆனால் 1937 அக்டோபரில் இக்கரையில் கள் குற்றம், அக்கரையில் வியாபாரம்.

ஒரு கற்பனைக் கணக்குப் போடலாம். குமாரபாளையத்து நெசவாளர் குடும்பங்கள் மதுவிலக்குக்கு முன் சாப்பாட்டுக்கு மாதம் சராசரியாக 8 ரூபாய் செலவழித்தன. ஓராண்டு கழித்து 10 ரூபாய். பவானியில் முன்பு 9 ரூபாய். பிறகு அங்கேயும் 10 ரூபாய்.

குமாரபாளையத்தை மட்டும் பார்ப்பவர், மதுவிலக்கால் 2 ரூபாய் கூடியது என்பார். மதுவிலக்குக்குப் பிறகு இரண்டு ஊரையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவர், இரண்டும் 10 ரூபாய்தானே, சட்டத்தால் ஒரு பயனும் இல்லை என்பார். மூன்றாமவர் வேறு மாதிரி கேட்பார். பவானியில் சட்டமே வரவில்லை, ஆனாலும் 1 ரூபாய் கூடியது. அந்த 1 ரூபாய் விலையாலோ கூலியாலோ வந்தது. அது குமாரபாளையத்துக்கும் பொதுவாகவே வந்திருக்கும். ஆகவே இக்கரையின் உயர்விலிருந்து அக்கரையின் உயர்வைக் கழி: 2-இல் 1 போனால் மீதி 1 ரூபாய். சட்டத்தின் விளைவு அதுதான்.

நான்கே எண்கள், மூன்று விடைகள். மூன்றாவது முறைக்குப் பெயர் வித்தியாசத்தின் வித்தியாசம். காலத்தால் வந்த வித்தியாசத்தை முதலில் ஒவ்வோர் ஊரிலும் எடுத்து, பிறகு ஓர் ஊரின் வித்தியாசத்திலிருந்து மற்ற ஊரின் வித்தியாசத்தைக் கழிப்பது. இதன் மூதாதை லண்டன் மருத்துவர் ஜான் ஸ்னோ. 1852-இல் ஒரு குடிநீர்க் கம்பெனி தேம்ஸ் நதியில் நகரத்துக் கழிவு கலக்காத மேல்பகுதிக்குத் தன் குழாயை மாற்றியது. போட்டிக் கம்பெனி மாற்றவில்லை. 1849-இன் காலராச் சாவுகளையும் 1854-இன் சாவுகளையும் ஒப்பிட்டு, நோய் தண்ணீரில் வருகிறது என்று ஸ்னோ காட்டினார். நம் காலத்தில் இதைப் புகழ்பெறச் செய்தது டேவிட் கார்டும் ஆலன் க்ரூகரும் 1994-இல் வெளியிட்ட ஆய்வு. 1992 ஏப்ரலில் நியூ ஜெர்சி மாநிலம் குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 4.25 டாலரிலிருந்து 5.05 டாலராக உயர்த்தியது. டெலவேர் ஆற்றுக்கு அந்தப் பக்கம் பென்சில்வேனியா உயர்த்தவில்லை. கூலி கூடினால் வேலை குறையும் என்ற பாடப்புத்தக எதிர்பார்ப்பை, இரு பக்கத்து 410 துரித உணவுக் கடைகளின் கணக்கு ஆட்டங்காண வைத்தது. கார்டுக்கு 2021-இல் நோபல் கிடைத்தது. க்ரூகர் அதற்கு முன்பே இறந்துவிட்டார்.

இந்த முறையில் கடன் நிவாரணச் சட்டத்தின் முடிச்சும் பெரும்பாலும் அவிழ்ந்துவிடுகிறது. அந்தச் சட்டம் மாகாணம் முழுவதற்கும் பொது. பவானி விவசாயிக்கும் வட்டி தள்ளுபடி; குமாரபாளையத்து விவசாயிக்கும் தள்ளுபடி. கழித்தலில் இரண்டும் அடிபட்டுப் போகும். இன்னொரு சோதனையும் இருக்கிறது. அது விவசாயிகளுக்கான சட்டம். நிலத்தோடு தொடர்பில்லாத தறிக்காரருக்கு அதில் இடமில்லை. இக்கரைத் தறிக்காரரின் கடனும் அக்கரைத் தறிக்காரரின் கடனைவிட அதிகம் குறைந்திருந்தால், அதை வட்டித் தள்ளுபடியின் தலையில் கட்ட முடியாது.

மேட்டூர் மின்சாரம் அப்படி எளிதில் கழியாது. கம்பி எந்த ஊருக்கு எந்த ஆண்டு போனது என்பதைப் பொறுத்து, அது ஒரு கரைக்கு முந்தியும் மறு கரைக்குப் பிந்தியும் வேலை கொடுத்திருக்கும். அதைத் தனியாகப் பதிந்து கணக்கில் சேர்க்க வேண்டும்.

சேலத்தை ஏன் தேர்ந்தெடுத்தார்கள்?

இந்தக் கழித்தல் கணக்கு ஒரே ஒரு நம்பிக்கையில் நிற்கிறது. சட்டம் வராமல் இருந்திருந்தால் இரண்டு ஊரும் ஒரே வேகத்தில் போயிருக்கும் என்பதே அது. இதை நேரடியாக நிரூபிக்க வழியில்லை. சந்தேகப்பட மட்டும் நிறைய வழி உண்டு.

சேலம் குலுக்கல் சீட்டில் வந்த மாவட்டம் கிடையாது. ராஜாஜி அங்கே வக்கீலாக இருந்தவர், நகராட்சித் தலைவராக இருந்தவர். 1925-இல் திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தைத் தொடங்கியவர். 1929-இல் அங்கிருந்து மதுவிலக்குக்காகவே ‘விமோசனம்’ என்று ஒரு பத்திரிகை வந்தது. அதில் அவருக்குத் துணையாக வேலை பார்த்தவர் கல்கி. சட்டம் வருவதற்கு முன் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளாகவே அந்தப் பக்கத்தில் குடிக்கு எதிரான பிரசாரம் நடந்துகொண்டிருந்தது.

அப்படியானால் சேலத்தில் குடி ஏற்கெனவே இறங்குமுகத்தில் இருந்திருக்கலாம். அந்த இறக்கத்தையும் சட்டத்தின் பெயரில் எழுதிவிடும் ஆபத்து உண்டு. இதைச் சரிபார்க்க, சட்டத்துக்கு முந்தைய ஐந்தாறு ஆண்டுகளின் கலால் பதிவேடுகளைப் புரட்ட வேண்டும். கள்ளுக்கடை ஏலத்தொகை, கள் இறக்க உரிமம் பெற்ற மரங்களின் எண்ணிக்கை ஆகியவை சேலத்திலும் கோயம்புத்தூரிலும் ஒரே மாதிரி ஏறி இறங்கியிருந்தால் ஓரளவு தைரியம் வரும். முன்பே பிரிந்து போயிருந்தால் பவானி சரியான ஒப்பீடு கிடையாது.

ஆறு என்பது சுவரும் கிடையாது. பரிசல் ஏறி அக்கரைக்குக் குடிக்கப் போனவர்கள் இருந்தால் குமாரபாளையத்தில் சட்டத்தின் விளைவு குறைத்துத் தெரியும். பவானிக் கடைக்காரரின் வருமானம் கூடி அந்த ஊரின் கணக்கும் கெடும். எல்லையோரக் கடைகளை அதிகாரிகள் மூடிவைத்தால் பவானியும் அரைகுறை மதுவிலக்கு ஊராகிவிடும். பக்கத்து ஊர் ஒப்பிட ஏற்றது, ஆனால் பக்கத்தில் இருப்பதாலேயே தொற்றிக்கொள்ளும். இதனால் ஆய்வாளர்கள் எல்லையோர ஊர்களை ஒரு முறையும், ஆற்றிலிருந்து நாற்பது ஐம்பது மைல் தள்ளியுள்ள ஊர்களை ஒரு முறையும் வைத்துக் கணக்குப் போட்டு, இரண்டு விடையும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பார்கள்.

ஒரு பானை, எத்தனை பருக்கை?

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது கூறெடுப்பு முறைக்கே நம் பாட்டிகள் எழுதிய இலக்கணம். ஆனால் அது ஒரு பானையைப் பற்றி மட்டுமே பேசுகிறது. சேலத்தில் 500 குடும்பங்களைக் கேட்டாலும் 5,000 குடும்பங்களைக் கேட்டாலும் எல்லாம் ஒரே பானைப் பருக்கைகள். அந்த ஆண்டு சேலத்தில் மழை பொய்த்திருந்தால் எல்லோருக்கும் சேர்த்துத்தான் பொய்த்திருக்கும். மாவட்டத்துக்கு ஒரு கண்டிப்பான கலெக்டர் வந்திருந்தால் எல்லோருக்கும் அவர்தான் கலெக்டர். ஆயிரம் வீட்டுக் கதவைத் தட்டியதால் ஆயிரம் தனித்தனிச் சாட்சிகள் கிடைத்துவிடவில்லை.

இதைப் பொருளாதாரவாதிகள் உணர வெகுகாலம் ஆனது. 2004-இல் மரியான் பெர்ட்ரண்ட், எஸ்தர் டுஃப்லோ, செந்தில் முல்லைநாதன் மூவரும் ஒரு வேடிக்கையான சோதனை செய்தார்கள். அமெரிக்கப் பெண்களின் கூலித் தரவை எடுத்து, நடக்கவே நடக்காத சட்டங்களைச் சில மாநிலங்களுக்குக் கற்பனையாக ஒதுக்கினார்கள். பிறகு வழக்கமான முறையில் அந்தப் போலிச் சட்டங்களின் ‘விளைவைக்’ கணக்கிட்டார்கள். புள்ளியியல் விதிப்படி நூற்றில் ஐந்து முறைதான் பொய்யாக விளைவு தெரிய வேண்டும். தெரிந்ததோ 45 முறை வரைக்கும்! ஒரே மாநிலத்தின் அடுத்தடுத்த ஆண்டுகள் ஒன்றையொன்று சார்ந்திருப்பதை மறந்து, ஒவ்வொன்றையும் தனிச் சாட்சியாக எண்ணியதால் வந்த வினை அது.

சேலத்துக்கு இதில் ஓர் ஆறுதல் உண்டு. மதுவிலக்கு ஒரே மாவட்டத்தோடு நிற்கவில்லை. 1938-இல் சித்தூருக்கும் கடப்பைக்கும் போனது. 1939-இல் வட ஆர்க்காட்டுக்கு. ஆக நான்கு பானைகள், மூன்று வேறு தேதிகள். ஒவ்வொரு தேதியிலும் அந்தந்த மாவட்டத்தில் மட்டும் மாற்றம் தெரிந்தால், ஒரே ஒரு மாவட்டத்தின் மழையையோ கலெக்டரையோ காரணம் சொல்லித் தட்டிக்கழிக்க முடியாது. 1938-இல் சித்தூரை ஒப்பிட, ஏற்கெனவே மதுவிலக்குக்குள் போய்விட்ட சேலத்தை மட்டும் எடுக்கக் கூடாது. அதன் விளைவு இன்னும் வளர்ந்துகொண்டே இருந்தால் கழித்தல் தப்பாகும். இந்த நுணுக்கத்தை விரிவாக ஆராய்ந்த கட்டுரைகள் கடந்த சில ஆண்டுகளில்தான் வந்தன.

கேட்டால் சொல்வார்களா?

இதுவரை பேசியதெல்லாம் தரவு சரியாக இருந்தால். 1938-இல் பல்கலைக்கழகத்திலிருந்து நோட்டுப் புத்தகத்தோடு வருகிறவரிடம், "ஆமாம், இன்னும் குடிக்கிறேன்" என்று சொல்வது குற்றத்தை ஒப்புக்கொள்வதற்குச் சமம். சட்டத்துக்கு முன் எவ்வளவு குடித்தீர்கள் என்றால் கூட்டிச் சொல்லவும் ஆசை வரும். திருந்தியதன் பெருமை அதில் இருக்கிறது. பதிலில் வரும் பிழை சட்டம் வந்த பக்கத்தில் மட்டும் கூடினால், எவ்வளவு பெரிய கூறெடுப்பும் அதைத் திருத்தாது.

அரசுப் பதிவேடும் கைகொடுக்காது. கலால் கணக்கு, சட்டம் வந்த அன்றே சேலத்தில் நின்றுவிடுகிறது. அதன் பிறகு கிடைப்பது கள்ளச்சாராய வழக்குகளின் எண்ணிக்கை. அது குடியை அளக்கிறதா, போலீஸின் சுறுசுறுப்பை அளக்கிறதா என்று சொல்ல முடியாது.

அதனால் குடியைப் பற்றிக் கேட்காமலே குடியை அளக்கும் வழிகளைத் தேட வேண்டும். மளிகைக் கடையின் பற்று வரவு நோட்டு, அடகுக் கடையில் மீட்கப்பட்ட பாத்திரங்கள், ஜவுளிக்கடைத் தீபாவளி விற்பனை, டீக்கடைகளின் எண்ணிக்கை. இவற்றில் யாரும் பொய் சொல்ல வேண்டிய தேவை இல்லை. ஊரின் நோட்டுகளை நன்றாகத் தெரிந்த ஆய்வாளருக்கே இந்த யோசனை வரும். கணிதம் எவ்வளவு தெரிந்தாலும் அடகுக் கடையில் எதைப் பதிவார்கள் என்று தெரியாதவருக்கு வராது.

மிச்சமான காசு யாருடையது?

மிச்சப்பட்ட 1 ரூபாய் குடும்பத்துக்கு வந்தது என்றோம். குடும்பத்தில் யாருக்கு? பழைய பாடப்புத்தகம் குடும்பத்தை ஒரே மனிதராகப் பாவித்தது; ஒரு வருமானம், ஒரு விருப்பம். கள்ளுக்கடை வாசலில் கணவனின் கூலிக்காகக் காத்து நின்ற எந்தப் பெண்ணும் இதை ஒப்புக்கொண்டிருக்க மாட்டாள். 1997-இல் ஷெல்லி லண்ட்பெர்க், ராபர்ட் பொல்லாக், டெரன்ஸ் வேல்ஸ் மூவரும் பிரிட்டனின் குடும்ப உதவித்தொகையை ஆராய்ந்தார்கள். எழுபதுகளின் கடைசியில் அந்தப் பணம் அப்பாவின் சம்பளச் சீட்டிலிருந்து அம்மாவின் கைக்கு மாறியது. அதன் பிறகு, ஆண்களின் துணியோடு ஒப்பிட்டால், பெண்கள், குழந்தைகளின் துணிக்கான செலவு கூடியிருந்தது. பணம் யார் கைக்கு வருகிறது என்பதற்கும் விளைவு உண்டு. சேலத்துக் கணக்கிலும் ‘துணி’ என்று ஒரே வரியாக எழுதாமல், வேட்டி எவ்வளவு, சேலை எவ்வளவு, பிள்ளைகளின் சட்டை எவ்வளவு என்று பிரித்து எழுதினால் வீட்டுக்குள் நடந்த பேரம் தெரிந்திருக்கும்.

சராசரி இன்னொருவரையும் மறைக்கிறது: மரம் ஏறியவரை. பாளையைச் சீவிக் கலயம் கட்டும் வேலை கள்ளுக்கும் பதநீருக்கும் ஒன்றுதான். கலயத்தின் உள்பக்கம் சுண்ணாம்பு தடவினால் பதநீர் புளிக்காமல் நிற்கும், காய்ச்சினால் வெல்லமாகும். தடவாவிட்டால் சில மணி நேரத்தில் பொங்கிக் கள்ளாகும். 1937 அக்டோபர் 1-க்குப் பிறகு, தொழிலுக்கும் குற்றத்துக்கும் நடுவில் இருந்தது அந்தச் சுண்ணாம்புப் பூச்சுதான். வெல்லம் காய்ச்ச விறகு வேண்டும், அடுப்படியில் பெண்களின் உழைப்பு வேண்டும். கள்ளுக்குக் கிடைத்த விலையும் அதில் வராது. ஆயிரம் குடும்பங்களுக்குச் சராசரியாக 1 ரூபாய் கூடியது என்ற விடைக்குள், பத்துப் பதினைந்து ரூபாய் இழந்த மரமேறிக் குடும்பங்கள் காணாமல் போய்விடும். நல்ல ஆய்வு சராசரியைச் சொன்ன கையோடு, அந்தச் சராசரி யார் யாரால் ஆனது என்பதையும் பிரித்துக் காட்டும்.

பீகாரும் ரிக்‌ஷாவும்

எண்பது ஆண்டுகளுக்குப் பிறகும் இதே வாதங்கள் நடக்கின்றன. 2016 ஏப்ரலில் பீகார் மதுவிலக்கைக் கொண்டுவந்தது. 2019-21-இல் எடுத்த தேசியக் குடும்பநல ஆய்வில், அங்கே 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் ஏறக்குறைய 15 சதவீதத்தினர் குடிப்பதாகச் சொன்னார்கள். மதுவிலக்கு இல்லாத மகாராஷ்டிரத்தைவிட இது கொஞ்சம் அதிகம். சட்டம் தோற்றுவிட்டது என்று சிலர் முடிவு கட்டினார்கள். குமாரபாளையமும் பவானியும் 10 ரூபாய்தானே என்ற இரண்டாமவரின் வாதம்தான் இது. பீகார் எங்கே ஆரம்பித்தது, சட்டம் வராத அக்கம்பக்கத்து மாநிலங்கள் அதே காலத்தில் எப்படி மாறின என்பதையும் சேர்த்துக் கணக்கிட்ட ஓர் ஆய்வு 2024-இல் லான்செட் குழும இதழில் வந்தது. தினமும் அல்லது வாராவாரம் குடிக்கும் ஆண்கள் சுமார் 24 லட்சம் பேர் குறைந்தார்கள், கணவனின் வன்முறையிலிருந்து சுமார் 21 லட்சம் பெண்கள் தப்பினார்கள் என்பது அதன் மதிப்பீடு. இந்த மதிப்பீட்டிடமும் மேலே கேட்ட கேள்விகளை எல்லாம் கேட்கலாம். ஒரே மாநிலம்தானே? மதுவிலக்கு ஊரில் குடிப்பதாக யார் ஒப்புக்கொள்வார்கள்?

சென்னையில் ஃபிராங்க் ஷில்பாக் வேறு பாதையில் போனார். சட்டத்தை எதிர்பார்க்காமல், 229 சைக்கிள் ரிக்‌ஷாக்காரர்களைக் குலுக்கல் முறையில் பிரித்தார். ஒரு பகுதியினருக்குப் போதையில்லாமல் வந்தால் பணம். இன்னொரு பகுதியினருக்கு எப்படி வந்தாலும் பணம். மூன்று வாரம், தினமும் மூச்சுப் பரிசோதனை. 2019-இல் வந்த முடிவு: போதையில்லாமல் வரப் பணம் பெற்றவர்களின் பகல் குடி குறைந்தது, சேமிப்பு சுமார் 50 சதவீதம் கூடியது, சம்பாத்தியத்தில் மாற்றமில்லை. நிபந்தனையில்லாத பணம் குறையாமல் கிடைக்கும் என்று தெரிந்தும், பாதிக்கு மேற்பட்டவர்கள் போதையின்மைக்கான பணத்தையே விரும்பிக் கேட்டார்கள். குடிப்பவரே தன்னைக் கட்டிப்போட ஒரு கயிறு தேடுகிறார் என்பது எந்தக் கலால் பதிவேட்டிலும் கிடைக்காத செய்தி.

குலுக்கல் இருந்தால் பவானியைத் தேட வேண்டியதில்லை. யார் எந்தப் பக்கம் என்பதை அதிர்ஷ்டம் தீர்மானித்துவிடுகிறது. ஆனால் ஒரு மாவட்டத்தின் மதுவிலக்கை 229 பேரை வைத்துச் சோதிக்க முடியாது. கடை மூடினால் ஊரே மாறும்: விலை, கள்ளச்சாராயம், மரமேறியின் பிழைப்பு, அரசின் வரி எல்லாம் சேர்ந்து மாறும். சின்னச் சோதனைக்குத் துல்லியம் உண்டு, வீச்சு இல்லை. சேலத்துக்கு வீச்சு உண்டு, துல்லியம் இல்லை.

இரண்டையும் சேர்க்கும் வழி ராஜாஜியின் நடைமுறைக்கு வெகு அருகில் இருந்தது. பணமும் ஆளும் போதாமல் மதுவிலக்கு மாவட்டம் மாவட்டமாகத்தான் போக வேண்டியிருந்தது. எப்படியும் வரிசை வேண்டும் என்றால், அந்த வரிசையைச் சீட்டுக் குலுக்கி எடுத்திருக்கலாம். முதல் ஆண்டில் பெயர் வராத மாவட்டங்களிலும் அதே நாளில் குடும்பக் கணக்கை எடுத்து வைத்திருக்கலாம். கூடுதல் செலவு சில நூறு வீடுகளின் கணக்கெடுப்பு மட்டுமே.

இந்த வாய்ப்பு இன்றும் வந்துகொண்டே இருக்கிறது. தமிழ்நாட்டில் பள்ளிக் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15-இல் 1,545 பள்ளிகளில் தொடங்கி, 2023 ஆகஸ்ட் 25-இல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்தது. நடுவில் ஏறக்குறைய ஒரு கல்வியாண்டு முழுவதும், சாப்பிடும் பள்ளியும் காத்திருக்கும் பள்ளியும் அருகருகே இருந்தன. எந்தத் திட்டமும் ஒரே நாளில் எல்லா ஊருக்கும் போய்ச் சேர்வதில்லை. அந்த இடைவெளியில் காத்திருக்கும் பக்கத்தையும் எண்ணி வைக்கிற அரசுக்குத் தன் பணம் என்ன செய்தது என்று தெரியும். எண்ணாத அரசு, மூடிய கடைகளையும் பரிமாறிய தட்டுகளையும் மட்டும் எண்ணிக்கொண்டிருக்கும்.